குடல் விழிக்கக் காத்திருந்தோம்

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயும் தெரியும். குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் நான் பிளவுஸ் தைப்பவள். அளவு கொடுக்க வருகிற பெண்களில் பாதிப்பேர் ஊர்க்கதை பேசத்தான் வருவார்கள். சில்லறை தராத கண்டக்டர், வரிசையில் இடையில் நுழைகிறவர், துணியை வெட்டிய பிறகு கழுத்து மாடலை மாற்றச் சொல்கிறவள் என்று யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அப்படிப்பட்ட வாய் ஒரே ஓர் ஆளின் முன்னால் மட்டும் பூட்டிக்கொள்ளும். அவர் என் மாமனார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, என் மகள் பிளஸ் டூ படிக்கிற இந்த வருடம் வரைக்கும், அவர் எதிரே நான் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. "சாப்பாடு எடுத்து வச்சிட்டேங்க மாமா", "ஆள் வந்திருக்காங்க மாமா" என்பதோடு பேச்சு முடிந்தது. அவர் ஒன்று கேட்டு எனக்கும் சரி என்றால் தலையைக் குனிந்துகொள்வேன். அதற்கு ஆமாம் என்று பொருள். சரியில்லை என்றால் கணவரிடம் சொல்வேன், அவர் அப்பாவிடம் சொல்வார். கணவர் குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகு அந்த 'இல்லை' எல்லாம் வாட்ஸப்பில் போய்ச் சுற்றி வந்தது. மாமனார் பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அதிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் மரியாதை என்பது இப்படித்தான் இருக்கும், அவ்வளவுதான்.

தை மாதம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். தொப்புளைச் சுற்றி ஒரு வலி. சுருட்டிப் பிடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன், விட்டுவிட்டது. நூலைக் கோப்பதற்குள் மறுபடி வந்தது. "வாய்வுதான் வசந்தி, ஓமத் தண்ணி குடி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. குடித்தேன். கோலி சோடா குடித்தேன். சுக்கைத் தட்டிப் போட்டுக் குடித்தேன். குடித்ததெல்லாம் வந்த வழியே திரும்பியது. முதலில் சோறு, பிறகு மஞ்சள் தண்ணீர், மறுநாள் காலையில் பச்சைப் பசேலென்று கசப்பாக ஒன்று. வயிறு ஊதி நைட்டியே இறுக்கியது. வெளிக்கும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வாந்தி பச்சையாகி, வயிறு ஊதி, வெளிக்குப் போவதும் காற்றுப் பிரிவதும் நின்றுபோனால் ஓமத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

நான் உட்கார்ந்திருந்தேன். என் நாத்தனார் மீனா மன்னார்குடியிலிருந்து வந்தவள்தான் என்னைப் பார்த்ததும் அலறினாள். "என்ன அண்ணி இது, மூஞ்சியெல்லாம் கறுத்துப் போயி கெடக்கறீங்க! கெளம்புங்க, தஞ்சாவூருக்குப் போவோம்." கார் பிடித்தாள். வழியில் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை. அறுவை சிகிச்சை டாக்டர் நடுத்தர வயதுக்காரர், பேச்சில் அவசரம் இல்லாதவர். வயிற்றில் கையை வைத்தவுடன் கேட்டார்: "இதுக்கு முன்னாடி வயித்துல ஆபரேஷன் நடந்திருக்காம்மா?" கர்ப்பப்பை எடுத்திருந்ததைச் சொன்னேன். என்னை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் வயிற்றுக்குள் படி படியாகக் கோடுகள் தெரிந்தன. மேலே காற்று, கீழே தண்ணீர். ஒவ்வொரு வளைவிலும் அப்படித் தேங்கி நின்றது.

"பழைய ஆபரேஷன் ஆறும்போது உள்ள சில பேருக்கு நார் மாதிரி ஒட்டு வளரும். அது குடலைச் சுத்திப் பிடிச்சிருக்கும்னு நெனைக்கிறேன். வழி அடைச்சிருக்கு" என்றார்.

"சாப்பிட்டது அப்படியே நிக்குதா டாக்டர்? அப்புறம் ஏன் இப்படி விட்டு விட்டு வலிக்குது?" என்று கேட்டேன். வலியிலும் என் வாய் அடங்கவில்லை.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாம முழுங்கினது தானா கீழ விழுதுன்னு நெனைக்கிறோம். இல்லம்மா. தலைகீழா நின்னு முழுங்கினாலும் வயித்துக்குப் போயிரும். தொண்டையிலேருந்து கடைசி வரைக்கும் சுவர் பூரா தசை. பின்னாடி இறுக்கும், முன்னாடி தளரும். அப்படியே தள்ளிக்கிட்டே போகும்."

"பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரி" என்றேன். பின்னால் துணியைச் சுருக்கிப் பிடித்து முன்னால் விட்டு விட்டுத்தானே நாடாவை நகர்த்துகிறோம்!

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா தள்றது மட்டும் அதோட வேலை இல்ல. இரைப்பை சோத்தைப் பெசஞ்சு கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கீழ விடும். குடல் அங்கங்க வளையம் வளையமா இறுக்கிப் பிடிச்சு விட்டு, முன்னயும் பின்னயும் அலசும். அப்பத்தான் செரிக்கிற நீரெல்லாம் நல்லா கலக்கும், சத்து உள்ள எறங்கும். இப்ப உங்களுக்கு வழி அடைச்சிருக்கறதால தசை முட்டி முட்டித் தள்ளிப் பாக்குது. தள்ளும்போது வலி, ஓயும்போது விட்டுருது."

துணி விலகியிருந்த என் வயிற்றைப் பார்த்தேன். தோலுக்கு அடியில் மெதுவாக ஒன்று திரண்டு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்து, அமுங்கியது. இத்தனை வருடம் எனக்குள் இப்படி ஒரு வேலை ஓயாமல் நடந்திருக்கிறது, நான் ஒரு நாளாவது அதை நினைத்ததுண்டா?

மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்குள் விட்டார்கள். பிரசவ வலியைத் தாங்கியவள்தான் நான். ஆனாலும் அந்தக் குழாய் தொண்டையில் இறங்கிய நேரத்தை நினைத்தால் இப்போதும் கண்ணில் தண்ணீர் வருகிறது. தேங்கியதெல்லாம் அதன் வழியாகப் பையில் வடிந்தது. குளுக்கோஸ் ஏற்றி, ஒட்டு தானாக விடுகிறதா என்று பார்த்தார்கள். விடவில்லை. மறுநாள் வலி விட்டு விட்டு வருவது நின்று, ஒரே வலியாக நிலைத்தது. வலி நிலைத்தால் குடலுக்கு ரத்தம் போவது தடைப்படுகிறது என்று பொருளாம். டாக்டர் முகம் மாறியது. உடனே ஆபரேஷன் என்றார்.

அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டுக் காத்திருந்த மாமனார், அதைத் தார்ப்பாயால் மூடிவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். தியேட்டர் வாசலில் நின்றார். காலில் களத்துத் தூசி அப்படியே இருந்தது. என்னைப் பார்க்காமல் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது" என்று கம்பியிடம் சொன்னார்.

கண் விழித்தபோது மீனா சொன்னாள். நார் போன்ற ஒட்டு ஒன்று குடலை நெரித்திருக்கிறது. வெட்டிவிட்டபோது குடல் கறுத்துக் கிடந்ததாம். வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றிக் காத்திருந்தார்களாம். மெல்ல மெல்ல நிறம் திரும்பியதால் குடலை வெட்டாமல் தப்பித்தேன். குவைத்திலிருந்து என் கணவர் வீடியோவில் அழுதார். "தப்பிச்சாச்சு, எதுக்கு அழுவுறீங்க?" என்று மூக்கில் குழாயோடு அதட்டினேன். ஆனால் தப்பிக்கவில்லை என்பது மறுநாளிலிருந்து தெரிந்தது.

குடல் தூங்கிவிட்டது. வயிற்றைத் திறந்து கையால் தொட்டுவிட்டால் குடலின் தசைகள் வேலையை நிறுத்திவிடுமாம். பாரலிட்டிக் இலியஸ் என்று அதற்குப் பெயர். அடைப்பு இல்லை, வழி திறந்துதான் இருக்கிறது, ஆனால் தள்ள ஆளில்லை. சாதாரணமாக ஓரிரு நாளில் எழுந்துவிடும். சிலருக்கு எழாது. டாக்டர் தினமும் காலையில் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நல்ல குடல் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். என் வயிறு மூச்சுக் காட்டவில்லை. பிறகு அந்தக் கேள்வி வரும்.

"காத்து பிரிஞ்சுதா?"

அது பிரிந்தால்தான் குடல் எழுந்துவிட்டது என்று பொருள். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வீட்டில் பிள்ளைகள் விட்டால் முறைக்கிற சமாச்சாரத்துக்கு, அந்த வார்டே தவம் கிடந்தது. எதிர்க் கட்டில் அம்மாவுக்குப் பிரிந்த அன்று அவர் மகன் ஸ்வீட் கொடுத்தான் என்றால் பாருங்களேன்! மீனா என்னை விடவே மாட்டாள். "வந்துச்சா அண்ணி? வந்தா வந்துச்சுன்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் மூக்கப் பொத்த மாட்டேன்." சிரித்தால் தையல் இழுக்கும். "கொல்லாதடி" என்பேன். கேண்டீனிலிருந்து சாம்பார் வாசனை வரும்போது அழுகையே வரும். சோறு விளைகிற ஊரில் பிறந்து, அறுவடை மாதத்தில், ஒரு பருக்கைக்கு ஏங்கிக் கிடந்தேன்.

மீனாவின் வயலுக்கு அறுப்பு மிஷின் வந்துவிட்டது. அவள் விடியற்காலையில் மன்னார்குடிக்குப் பஸ் ஏறினாள். மாமனார் அவள் இடத்துக்கு வந்தார். டாக்டர் சிஸ்டர்களோடு வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"லேசா சத்தம் கேக்கற மாதிரி இருக்கு. காத்து பிரிஞ்சுதாம்மா?"

கட்டில் காலடியில் மாமனார் நிற்கிறார். அவர் முன்னால் உட்காரவே கூசுகிறவள், இதற்கு எப்படி வாயைத் திறப்பேன்? கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆயிருச்சுங்க டாக்டர்" என்றார் மாமனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லது, குழாயை மூடிருங்க, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி, எளநீ குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் நடுவில் மாமனார் பேச்சைப் பொய்யாக்குவதா? அதற்குள் அவர் படியிறங்கிப் போய் இளநீர் வாங்கி, டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் தன் கையால் எனக்கு எதையும் நீட்டியதில்லை. "குடிம்மா, ரொம்ப வாடிப் போயிட்ட" என்றார். அந்தக் குரலுக்கு நான் எப்படி மாட்டேன் என்பேன்? குடித்தேன். தேவாமிர்தமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டும் குடித்தேன்.

மதியத்துக்குள் விக்கல் தொடங்கியது. வயிறு மறுபடி ஊதியது. நெஞ்சுக்கு மேலே எதுவோ எதுக்களித்துக்கொண்டு வந்தது. மூச்சை இழுக்க முடியவில்லை. வாந்தி பீறிட்டபோது தையல் பிய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். சிஸ்டர் ஓடிவந்து என்னை ஒருக்களித்துச் சாய்த்து, மூடியிருந்த குழாயைத் திறந்தார். பச்சையாக அது பையை நிறைத்துக்கொண்டே இருந்தது. மாமனார் கையில் டம்ளரோடு சுவரில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். பயத்தில் அவர் உதடு வெளுத்திருந்தது.

டாக்டர் வந்தார். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "காத்து பிரிஞ்சுதுன்னு யாரு சொன்னது?"

"நான்தாங்க" என்றார் மாமனார். "நீங்க கேட்டீங்க, அது தலையக் குனிஞ்சுது. எங்க வீட்டுல அதுக்கு ஆமான்னு அர்த்தம்."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஐயா, அசையாத குடல்ல எது போனாலும் திரும்பித்தான் வரும். வாந்தி நுரையீரலுக்குள்ள போயிருந்தா இப்ப உங்க மருமக ஐசியுல. புரியுதா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது, அது குறைந்தால் தசைக்குச் சுருங்கத் தெம்பு இருக்காது, ஏற்றுகிறோம் என்றார். நடக்க வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. சூயிங்கம் மெல்லலாம், விழுங்கக் கூடாது. வாய் மென்றால் சோறு வருகிறது என்று ஏமாந்து குடல் விழித்துக்கொள்ளுமாம். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள அசையலேன்னா ஸ்கேன். உள்ள மறுபடி சிக்கியிருந்தா திரும்பவும் திறக்கணும்."

திரும்பவும் திறக்கணும். புதுத் தையலையே பிரித்து இன்னொரு தடவை! துணியைப் பிரித்துப் பிரித்துத் தைத்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். மகளுக்குப் பரீட்சை வரப்போகிறது. நான் போய்விட்டால் அவளுக்கு யார்? முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. மாமனார் என் கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். நான் எழப் போனேன்.

"படுத்திரு" என்றார். கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தார். "வசந்தி, இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன உன்னை அடிக்கவா போறேன்?"

"உங்க முன்னாடி எப்படிங்க மாமா..."

"மசுரு முன்னாடி!" என்றார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவர் குரல் உடைந்திருந்தது. "உசுரு போயிருந்தா என் மவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்? எனக்கு யாரும்மா சோறு போடுவா? இனிமே தலையெல்லாம் ஆட்டாத. எதா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லு."

"பயமா இருக்குங்க மாமா" என்றேன்.

"எனக்கும்தாம்மா" என்றார்.

அன்றைக்கே நடக்கத் தொடங்கினோம். குளுக்கோஸ் மாட்டிய கம்பத்தை அவர் உருட்டிக்கொண்டு வருவார். நான் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு நடப்பேன். ஊரில் அவர் முன்னே போக நாலடி பின்னே போய்ப் பழகியவள். இங்கே கம்பத்தின் குழாய் எங்களைப் பக்கத்துப் பக்கத்தில் கட்டிப்போட்டது. கடைக்குப் போய்ச் சூயிங்கம் வாங்கி வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கட்டிலில் கொட்டினார். "எந்த ருசி வேணும்னு கேட்டான். எனக்கு என்ன தெரியும்? எல்லாத்துலயும் போடச் சொல்லிட்டேன்." ஆளுக்கொன்று மென்றபடி நடந்தோம். ஆமாம், அவரும்தான் மென்றார்.

வராந்தாவின் ஒவ்வொரு கோடியிலும் நின்று, "வருதா?" என்பார்.

"இல்லங்க மாமா."

அடுத்த கோடியில், "இப்ப?"

மூன்றாவது நான்காவது தடவையில் என் பழைய வாய் எட்டிப் பார்த்தது. "மாமா, மோட்டார் போட்டுட்டு வாய்க்கா வரப்புல நின்னு தண்ணி வருதான்னு கேக்கற மாதிரி கேக்கறீங்க. அது வரும்போதுதான் வரும்!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வராந்தா அதிரச் சிரித்தார். பக்கத்தில் போன சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் பகல் முழுவதும் நடந்தோம், மென்றோம். வயிறு கல்லாகவே கிடந்தது. மீனா போனில் அழுதாள். கணவர் டிக்கெட் போடவா என்று கேட்டார். சாயங்காலம் ஸ்கேனுக்கு அழைத்துப் போக வீல்சேரோடு ஆள் வந்துவிட்டார்.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு நடை. போயிட்டு வந்துர்றோம்" என்று மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நெல் எடைபோடுகிற இடத்தில்கூட யாரிடமும் கெஞ்சாத மனிதர். வீல்சேர் ஆள் சரி என்று தலையசைத்தார்.

லிஃப்ட் வரைக்கும் போயிருப்போம். விலாவுக்குக் கீழே ஓர் இழுப்பு. நின்றுவிட்டேன். மறுபடி அடைப்பா, பழைய வலியா என்று பயந்து கம்பத்தைப் பற்றிக்கொண்டேன். உள்ளே எங்கோ கடகடவென்று ஒரு சத்தம், தண்ணீர் குடத்துக்குள் இறங்குகிற மாதிரி. அது வலப்பக்கமிருந்து இடப்பக்கம் உருண்டது. கீழே இறங்கியது. லிஃப்ட் கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பிரிய வேண்டுமா? பிரிந்தது. நன்றாகவே, நீளமாகவே, லிஃப்டில் வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கப் பிரிந்தது.

எனக்கு வெட்கமே வரவில்லை. "மாமா!" என்று கத்தினேன். அவர் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதிலேயே நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் தையல் வலிக்க வலிக்க அழுதுகொண்டே சிரித்தேன்.

வீல்சேர் ஆள் சொல்லி டாக்டர் வேகமாக வந்தார். என்னைக் கட்டிலில் படுக்கவைத்து ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டார். முந்தின நாள் சூடு இன்னும் ஆறவில்லை போலும். மாமனார் பக்கம் திரும்பி, "என்னங்க ஐயா, இந்தத் தடவையாவது நெசமா பிரிஞ்சுதா?" என்றார்.

மாமனார் காதில் விழுந்துதான் இருந்தது. லிஃப்ட் வாசலில் இருந்த எல்லார் காதிலும்தான் விழுந்தது. ஆனாலும் அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. அதையே கேளுங்க" என்றார்.